தாதி ஸீனத் மீது நான் கொடுத்த புகாரைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி மாக்ரெட் பேர்னாட்,
இல. 47/3, சமகிபுர ஒழுங்கை,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

பெறுநர்:
தலைவர்,
ஒழுக்காற்று விசாரணைக் குழு,
ஆரம்பச் சுகாதாரச் சீர்திருத்த நடைமுறைப்படுத்தல் பிரிவு,
கொழும்பு.

விடயம்: சமகிபுர ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவின் தாதி உத்தியோகத்தர் திருமதி ஸீனத் அஸாம் அவர்கள் மீது 2026.03.14 அன்று நான் கையொப்பமிட்ட புகாரைத் திருத்துதலும், அப்பிரிவின் ஏனைய நோயாளர்களின் மருந்துப் பதிவுகளை உடனடியாகச் சரிபார்க்கக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி விலாசத்தில் இருபத்தாறு வருடங்களாக வசித்து வருகிறேன். கோட்டையில் கப்பற் சரக்கு விடுவிக்கும் நிறுவனம் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். என் கணவர் திரு. ரொனி பேர்னாட் (வயது 59) துறைமுகத்தில் கிரேன் இயக்குநராக இருந்து, இருதய நோய் காரணமாக முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். இம்மாதம் 20ஆம் திகதி தங்கள் தலைமையில் நடைபெறவுள்ள விசாரணை என்னுடைய கையொப்பத்தை வைத்தே ஆரம்பிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நடந்தவற்றில் நான் அறிந்த எல்லாவற்றையும், எனக்கே தலைகுனிவானவற்றையும் சேர்த்து, தங்கள் முன் வைப்பது என் கடமையாகிறது.

2. என் கணவருக்கு 2019ஆம் ஆண்டு இருதய வால்வு மாற்றப்பட்டது. அன்று முதல் இரத்தம் உறையாமல் இருப்பதற்காக வார்பரின் என்னும் மாத்திரையை ஒவ்வொரு நாளும் உட்கொள்கிறார். அளவு குறைந்தால் வால்வு அடைபடும், கூடினால் உடம்புக்குள்ளே இரத்தம் கசியும் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்தார்கள். அவருக்குரிய அளவு மூன்று மில்லிகிராம். ஏழு வருடங்களாக அது கிளினிக் கொப்பியில் மாதந்தோறும் பேனையால் எழுதப்பட்டு வந்தது.

இந்த ஏழு வருடங்களில் ஐந்து வருடங்கள் அந்தக் கிளினிக்கில் திருமதி ஸீனத் கடமையாற்றியிருக்கிறார். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் அழைப்போம். கீரை வகைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் இந்த மாத்திரையின் வேலை குழம்பும் என்பதால், என் கணவர் போய் நின்றதும் அவர் முதலில் கேட்பது, இந்தக் கிழமை எத்தனை நாள் வல்லாரைச் சம்பல் சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். என் கணவர் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். நூற்றுக்கணக்கான நோயாளர்களில் எவர் எதை விழுங்குகிறார், எவர் எதை ஒளிக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

3. கடந்த பெப்ரவரி 16ஆம் திகதி முதல் எங்கள் கிளினிக்கில் கொப்பி முறை நிறுத்தப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டு, விபரங்கள் கணினியில் ஏற்றப்படும் புதிய முறை வந்தது. நாட்டின் சுகாதார சேவை முழுவதுமே இவ்வாறு மாறப்போகிறது என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். நான் இதற்கு எதிரானவள் அல்ல என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும். 2022ஆம் ஆண்டு என் கணவர் நுகேகொடை பஸ்ஸில் கொப்பியைத் தொலைத்துவிட்டு, தன் நோயின் சரித்திரத்தை ஒவ்வொரு வைத்தியரிடமும் ஞாபகத்திலிருந்து ஒப்புவித்துத் திரிந்தார். எனவே இலக்கம் அச்சிட்ட அட்டை கைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரிலும் கூடுதலாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

4. 2026.03.03, செவ்வாய்க்கிழமை. வார இறுதியோடு சேர்ந்து பௌர்ணமிப் போயா விடுமுறையும் வந்து கழிந்த மறுநாள் என்பதால் அன்று கிளினிக்கில் வழக்கத்தைவிட அதிகமான கூட்டம். நான் அன்று அரைநாள் விடுப்பில் கணவருடன் போயிருந்தேன். ஆகவே பின்வருவனவற்றை என் கண்ணால் கண்டதாகவே சொல்கிறேன்.

பழைய கொப்பிகளில் உள்ளவற்றை நோயாளர்கள் முன்னிலையிலேயே, கிளினிக் நடந்துகொண்டிருக்கும்போதே, தாதிமார் டெப் என்னும் கைக்கணினி ஒன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு டெப்கள் இருந்தன. ஒன்று மின்னேற்றம் இல்லாமல் சுவரோரம் கிடந்தது. மற்றதை வைத்துக்கொண்டு திருமதி ஸீனத் நின்றபடியே வேலை செய்தார். இணைப்பு அடிக்கடி அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல்லைத் திரும்பக் கொடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. வேலைக்குப் போக நேரமாகிறது, இவ்வளவு நேரம் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

என் கணவரின் விபரத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோதும் இணைப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது, மருந்தளவுப் பட்டியலில் திருமதி ஸீனத் தெரிந்தெடுத்திருந்த மூன்று நீங்கி, பட்டியலின் முதல் வரியான ஐந்து வந்து நின்றிருக்கிறது. இது பிற்பாடு தெரியவந்த விடயம். அன்று அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அன்றுதான் பதில் கடமைக்கு வந்திருந்த வைத்தியர் திரையில் இருந்ததை உறுதிப்படுத்தினார். மருந்தாளர் திரையில் இருந்ததைக் கொடுத்தார்.

5. வழக்கமான நீலநிற மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு மாத்திரை கிடைத்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்து கம்பனியும் நிறமும் மாதத்துக்கு மாதம் மாறுவது எங்களுக்குப் பழகிப்போனது. அதனால் நாங்கள் கேட்கவில்லை. மூடப்பட்டது என்று முத்திரை குத்தித் தந்த பழைய கொப்பி அலுமாரியில் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் 3 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மாத்திரைப் பக்கெட்டை அந்தக் கொப்பியின் மேலேதான் நான் வைத்தேன். ஒருநாளாவது திறந்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஒரு கிழமை கழிந்ததும் அவருக்குப் பல் விளக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியிருக்கிறது. தொடையில் காரணமில்லாமல் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒருநேரம் சாப்பிடாமல் இருப்பதால் வந்த பலவீனம் என்று தானே முடிவு செய்து எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார்.

6. மார்ச் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை நடந்ததைத் தங்கள் குழு மிகவும் கவனமாக நோக்க வேண்டும் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய முறை தொடங்குவதற்கு முந்தின வாரம் திருமதி ஸீனத் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கொப்பி எழுதியிருக்கிறார். மருந்தில் சிறு பிழை நேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய முப்பத்தொரு நோயாளர்களின் பெயர்களும் அளவுகளும் அதில் இருந்தன. இன்சுலின் போடுபவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், என் கணவரைப் போன்றவர்கள். அன்று காலை கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்ததால், அந்தக் கொப்பியைத் திரையோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்பதாவது பெயர் ரொனி பேர்னாட்.

உடனே எங்கள் தொலைபேசிக்கு அழைத்திருக்கிறார். திரையில் இருந்த இலக்கத்தில் ஒரு எண் பிழை. மேற்பார்வை அலுவலருக்கு அறிவித்திருக்கிறார். சம்பவத்தைக் கணினியில் பதிந்துவிட்டு அறிவுறுத்தல் வரும்வரை காத்திருக்கும்படி பதில் கிடைத்திருக்கிறது. அவர் பதிந்தார். பதிந்துவிட்டு, பக்கத்து மேசைத் தாதியிடம் சொல்லிவிட்டு, வெயிலில் நடந்து எங்கள் ஒழுங்கைக்கு வந்து, வீட்டு இலக்கம் தெரியாமல் நான்கு கதவுகளைத் தட்டி, ஐந்தாவதாக எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார். அப்போது என் கணவர் கழுவுமிடத்தில் இரத்த வாந்தி எடுத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. நான் கோட்டையில் வேலையில் இருந்தேன்.

ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோவில் ஏற்றி, தானும் ஏறி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் திருமதி ஸீனத். போகும் வழியிலேயே என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை நாள் என்பதை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்து, இறங்கியதும் வைத்தியரின் கையில் கொடுத்திருக்கிறார். இரத்தம் உறையப் பிடிக்கும் நேரத்தைக் காட்டும் எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டியது, ஒன்பதைத் தாண்டியிருந்தது. காரணம் கையில் எழுதி வந்ததால் பரிசோதனைகளுக்குக் காத்திராமல் மாற்று மருந்தைத் தொடங்க முடிந்தது என்று வார்ட் வைத்தியர் பின்னர் எனக்குச் சொன்னார். இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் என்ற கேள்வியை நான் கேட்டேன். தப்பியிருக்க மாட்டார் என்றார்.

7. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது திருமதி ஸீனத் வாசலில் நின்றார். வெள்ளைச் சீருடையின் கையில் என் கணவரின் இரத்தம் காய்ந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்னமே அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்:

"அக்கா, பிழை எங்கட பக்கம். நான்தான் அத பதிஞ்ச. மூணு போட ஓணும், அஞ்சு போயீக்குது. நாங்க பாக்கல்ல. உங்களுக்கு இத நானே சொல்ல ஓணும்."

நான் அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

8. மறுநாள் வார்ட்டுக்குத் தங்கள் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, என் கையொப்பத்தைப் பெற்றுக்கொண்டார். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். நான் சிங்களம் சரளமாகக் கதைப்பேன். வாசிப்பது மெதுவாகத்தான் என்றாலும், ஏமாற்றப்பட்டேன் என்றோ, விளங்காமல் கையொப்பமிட்டேன் என்றோ சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர் எழுதியது நான் சொன்னதையேதான். அந்த மிஸ்ஸை இனி எந்த நோயாளிக்கும் பக்கத்தில் விடக்கூடாது, வேலையால் நிறுத்துங்கள் என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். என் கணவருக்கு அப்போது நான்காவது பைண்ட் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கோபத்தை வைக்க எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. வாசலில் நின்று பிழையை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவராக இருந்தபடியால், அதை அவர் மீது வைத்தேன்.

9. பதினொரு நாட்களின் பின் என் கணவர் வீட்டுக்கு வந்தார். இன்றைக்கும் படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் சாப்பிடுகிறார், நடக்கிறார், ஈஸ்டர் பூசைக்கு என்னோடு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஸீனத் மிஸ்ஸுக்கு நன்றி சொல்லப் போக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன். ஏப்ரல் 7ஆம் திகதி கிளினிக்குக்குப் போனபோது அவருடைய மேசையில் வேறொருவர் இருந்தார். ஸீனத் மார்ச் 30ஆம் திகதி முதல் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். நோயாளியின் மனைவி எழுதிக் கொடுத்தாராம் என்றும் சொன்னார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கேட்டார்:

"மாக்ரெட், அந்தப் பிள்ளை வராட்டி நான் இண்டைக்கு இல்ல. நீ ஆருக்கு எதிரா எழுதிக் குடுத்தனி?"

முப்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையில் அவர் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த மனுவை அதற்கான மறுமொழி என்றே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

10. அதன் பின்னரே விசாரிக்கத் தொடங்கினேன். கிளினிக் ஊழியர்கள் சிலர் என்னிடம் கதைத்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் குறிப்பிடாததற்கு மன்னிக்கவும். தாங்கள் பாதுகாப்பு உறுதியளித்தால் அவர்களே வந்து சொல்லக்கூடும்.

புதிய முறைக்கு அவர்களைத் தயார்படுத்துவதற்காக நடந்தது ஒரேயொரு காலை நேரப் பயிற்சி. நுகேகொடையில் ஒரு மண்டபத்தில் நூற்று எண்பது பேரை இருத்தி, முன்னால் திரையில் படம் காட்டியிருக்கிறார்கள். தொட்டுப் பார்ப்பதற்கு நான்கு டெப்கள் இருந்தனவாம். என்னோடு கதைத்தவர்களில் ஒருவருக்கும் அவை கைக்கு எட்டவில்லை. விளக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. தமிழ் பேசும் ஊழியர்களுக்கு ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம்கூடத் தமிழில் கிடைக்கவில்லை. இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு தாதி எழுந்து கேட்டபோது, இணைப்பு அறுபடாது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர் திருமதி ஸீனத். மருந்தளவு தானாக மாறுகிறது என்று பெப்ரவரி மாதத்திலேயே அவர் இரண்டு கடிதங்கள் கொடுத்திருக்கிறார் என்றும் அறிகிறேன். அவற்றின் பிரதிகளைக் குழு வருவித்துப் பார்க்க வேண்டும்.

ஐயா, இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் சரக்குப் பத்திரங்கள் கணினிக்கு மாறியபோது, மூன்று கிழமைகளுக்கு ஒருவர் என் பக்கத்துக் கதிரையிலேயே உட்கார்ந்து பழக்கினார். ஆறு மாதங்களுக்குக் கடதாசியையும் கணினியையும் சேர்த்தே நடத்தினோம். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம். அது தகரப் பேணியும் டயரும் வந்திறங்கும் பத்திரங்களுக்காக. திருமதி ஸீனத் அதே ஒப்பிடும் வேலையை மனிதர்களுக்காக, ஒருவரும் சொல்லாமல், தன் நேரத்தில் செய்தார். அதை அவர் மீதான குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறார்கள்.

11. ஏப்ரல் 10ஆம் திகதியிட்ட தங்கள் அலுவலகக் கடிதத்தில், என் வாக்குமூலம் போதுமானது, நான் நேரில் வரத் தேவையில்லை என்று குறிப்பிட்டு, குற்றச்சாட்டுகளும் தரப்பட்டிருந்தன. பிழையான தரவை ஏற்றியமை. சுற்றறிக்கைக்கு மாறாகக் கடதாசிப் பதிவு வைத்திருந்தமை. அனுமதியின்றிக் கடமை நிலையத்தை விட்டு வெளியேறியமை. அதிகாரமின்றி நோயாளி தரப்பிடம் நிறுவனத்தின் தவறை ஒப்புக்கொண்டமை. இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்துதான் என் கணவரின் உயிர், நான்காவதுதான் எனக்குக் கிடைத்த உண்மை என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

12. ஏப்ரல் 18ஆம் திகதி நானும் கணவரும் பாமன்கடையிலுள்ள திருமதி ஸீனத்தின் வீட்டுக்குப் போனோம். அவருடைய கணவர் திரு. அஸாம் கதவைத் திறந்தார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவருடைய முகம் மாறியது. இருந்தாலும் உள்ளே வந்து இருக்கச் சொன்னார். ஸீனத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முதல் வேலையாக என் கணவரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு கீரை பற்றி விசாரித்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் கோபப்பட்டதில் பிழையில்லை, என்னுடைய ஆளுக்கு நடந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று அவர் சொன்னார். தன் வேலையைப் பற்றியோ விசாரணையைப் பற்றியோ எங்களிடம் ஓர் உதவியும் கேட்கவில்லை. இந்த மனுவை எழுதும்படியும் அவர் கேட்கவில்லை. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றே சொன்னார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்:

"பிழைக்குத் தண்டன தந்தா ஏத்துக்கொள்றேன் அக்கா. ஆனா கொப்பிய எடுத்துக்கொண்டு போய்ட்டாங்க. நான் ஒம்பது பேரத்தான் பாத்த. மிச்சம் இருபத்திரெண்டு பேர ஆரும் பாக்கல்ல."

அந்த இருபத்திரண்டு பேரின் பெயர்களைச் சொல்லுங்கள், நாங்களே தேடிப் போகிறோம் என்று என் கணவர் கேட்டார். நோயாளர்களின் பெயரை வெளியே சொல்ல முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். நாங்கள் எழும்பும்வரை மறுத்தார்.

13. அதனால் எங்களுக்குத் தெரிந்த வழியில் தேடினோம். கிளினிக் வரிசையில் பழக்கமானவர்களில் இப்படிப்பட்ட மருந்து எடுப்பவர்கள் ஆறு பேரின் வீடுகளுக்குப் போய், பழைய கொப்பியையும் புதிய மருந்துப் பக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். ஐந்து பேருக்குச் சரியாக இருந்தது.

ஆறாமவர் கொச்சிக்கடையில் வசிக்கும் திரு. சவுந்தரநாயகம் அவர்கள், வயது 71. வலிப்புக்கு மருந்து எடுப்பவர். ஒன்பது வருடங்களாக அவருக்கு வலிப்பு வரவில்லை. மார்ச் மாதத்திலிருந்து மூன்று தடவை வந்திருக்கிறது. ஒருதடவை படியில் விழுந்து தோள்மூட்டு விலகியிருக்கிறது. வயது போனதால் வருகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கொப்பியில் காலை ஒன்று, இரவு ஒன்று என்றிருந்தது. பக்கெட்டில் இரவு ஒன்று மட்டுமே இருந்தது. அவருடைய மகள் ஹம்சிகா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, தேத்தண்ணீரைச் சிந்தியதற்காகத் தகப்பனைத் தான் ஏசியதை எங்களிடம் சொன்னார். மறுநாளே வைத்தியரிடம் காட்டி அளவைத் திருத்திவிட்டார்கள். அதன் பின் வலிப்பு வரவில்லை. இவற்றை உறுதிப்படுத்தும் ஹம்சிகாவின் கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

திரு. சவுந்தரநாயகத்தின் பதிவை ஏற்றியவர் ஸீனத் அல்ல, வேறொரு தாதி. அவருடைய பெயரை நான் விசாரிக்கவில்லை. தாங்களும் அதை ஒரு புதிய குற்றப்பத்திரமாக மாற்றிவிடக் கூடாது என்று மன்றாடுகிறேன். அவரும் அதே மண்டபத்தில், அதே காலையில் இருந்தவர்தான்.

14. ஆகவே, மார்ச் 14ஆம் திகதி நான் கொடுத்த புகாரை மீளப்பெறும்படி உறவினர்கள் சிலர் எனக்குப் புத்தி சொன்னாலும், நான் அதை மீளப்பெறவில்லை. என் கணவருக்கு நடந்தது ஒரு குற்றமே. அது விசாரிக்கப்பட வேண்டும். ஆனால் அதில் திருமதி ஸீனத் அஸாமின் பெயர் இருக்கும் இடத்தில், பின்வருமாறு திருத்தி வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்: 'போதிய பயிற்சியும், ஒழுங்கான கருவியும், தங்கள் மொழியில் ஒரு கைந்நூலும், பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அவகாசமும் கொடுக்காமல், கூட்டம் நிறைந்த ஒரு கிளினிக்கின் நடுவில் ஊழியர்களை நிறுத்திவிட்டு, புதிய முறை தொடங்கிவிட்டது என்று அறிவித்த தீர்மானம்.' அந்தத் தீர்மானத்தை எடுத்தவர் எவர் என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கத் தங்களால் முடியும்.

15. தங்களிடம் நான் வேண்டுவன:

முதலாவதும் அவசரமானதும், தங்கள் அலுவலகத்தில் சான்றுப் பொருளாக வைக்கப்பட்டிருக்கும் அந்தக் கொப்பியை, விசாரணைத் தினம்வரை காத்திராமல், இந்த வாரமே ஒரு வைத்தியரிடம் கொடுத்து, எஞ்சிய இருபத்திரண்டு பேரின் மருந்தையும் சரிபார்க்க வேண்டும். மற்ற எல்லாம் பிந்தினாலும் இது பிந்தக்கூடாது.

அடுத்து, திருமதி ஸீனத் அஸாமின் பணி இடைநிறுத்தத்தை நீக்கி, அதே கிளினிக்கில் அவரை மீண்டும் கடமையில் அமர்த்த வேண்டும். அவர் செய்த தரவுப் பிழைக்கு ஏதேனும் எச்சரிக்கை அவசியம் என்று குழு கருதினால், அதன் பக்கத்திலேயே மார்ச் 13ஆம் திகதி அவர் செய்ததையும் எழுத வேண்டும்.

மேலும், இந்தப் புதிய முறையை வேறு கிளினிக்குகளுக்குக் கொண்டுபோவதற்கு முன்னர், அங்குள்ள தாதியரும் மருந்தாளரும் வைத்தியரும் தாங்கள் தயார் என்று சொல்லும்வரை, அவர்களுக்கு விளங்கும் மொழியில், கையில் கருவியைக் கொடுத்துப் பழக்க வேண்டும். அவர்கள் தயாரில்லை என்று சொன்னால் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைந்தது ஆறு மாதங்களுக்குக் கடதாசிப் பதிவையும் அனுமதிக்க வேண்டும்.

கடைசியாக, என் வாக்குமூலம் போதுமானது என்ற தங்கள் முடிவை மாற்றி, 20ஆம் திகதி என்னையும் என் கணவரையும் சாட்சிகளாக அழைக்க வேண்டும். அழைப்பு வராவிட்டாலும் அன்று காலை எட்டரை மணிக்கு நாங்கள் தங்கள் அலுவலக வாசலில் இருப்போம். இரண்டாம் மாடி என்று கடிதத்தில் இருக்கிறது. உங்களால் படியேற முடியாது என்று என் கணவரிடம் சொன்னேன். மெதுவாக ஏறலாம், ஸீனத்தின் பக்கத்தில் போய் நின்றால் போதும் என்கிறார்.

தங்கள் கருணையான நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) மாக்ரெட் பேர்னாட்

நான் இம்மனுவை வாசித்தேன். இதிலுள்ளவை உண்மை.
(ஒப்பம்) ரொனி பேர்னாட்

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 2026.05.04

இணைப்புகள்: மருந்தளவு 3 எனக் குறிக்கப்பட்ட கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கப் பிரதி, 2026.03.03 மருந்துப் பக்கெட்டின் புகைப்படம். ஆஸ்பத்திரி வெளியேற்ற அட்டையின் பிரதி. செல்வி ஹம்சிகா சவுந்தரநாயகத்தின் கடிதம்.